முன் இடது சக்கரம்

அந்த வீட்டில் எந்த வேலை முடிந்தாலும் ‘ஆச்சு’ என்று சொல்பவள் அவள்தான். குக்கர் விசில் எண்ணிக்கை முடிந்தால் ஆச்சு. மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் ஆச்சு, மோட்டாரை அணைக்கலாம். அவர் எழுந்துபோய் அணைப்பார். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஏதோ புருஷன் பெண்டாட்டி வேலைப் பங்கீடாகத் தெரியும்.

அவர் முப்பத்தொரு வருடம் வார்ப்புப் பட்டறையில் அரவைக் கல்லின் முன்னால் நின்றவர். மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. முதலில் கொசு போயிற்று. பிறகு கடிகாரம். வாசல் மணி போனபோதுதான் அவள் கவனித்தாள். அது ஏழு வருடத்துக்கு முன்பு. எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால் பதில் சொல்லிவிடுவார். முதுகுக்குப் பின்னால் பேசினால் யோசனையில் இருப்பவர்போல இருப்பார். கல்லின் அதிர்வில் விரல் நுனிகளும் மரத்துப்போயிருந்தன. அவளுடைய தையல் மெஷினுக்கு அவர் எண்ணெய் போடும்போது ஒருமுறை ஊசி கட்டைவிரலில் ஏறி ரத்தம் வந்தது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

இதைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது பிரியம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சில நாட்களில், மெஷின் மிதித்துக்கொண்டிருக்கும்போது, அது பிரியம்தானா என்று சந்தேகம் வரும். ஒரு மனிதருக்கு நாம் இல்லாமல் முடியாது என்பதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசியை அவள் தனக்குள்கூட உரக்கச் சொல்லிப் பார்த்ததில்லை.

அதே வருடம், ஓய்வு பெற்ற மாதம் அவர் தனக்கென்று வாங்கியது ஒரு டார்க் ரென்ச். ஒரு முழ நீளம். கைப்பிடியைத் திருகி எண்ணை வைத்துவிட்டு இழுத்தால், நட்டு அந்த இறுக்கத்தைத் தொட்டதும் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். புதிதாக வந்த அன்று அவர் ஒரு நட்டை இழுத்துக்கொண்டே இருந்தார். டிக் வந்தது. அவர் நிறுத்தவில்லை. தேநீர் கொண்டுவந்த அவள் போகிறபோக்கில், “ஆச்சு, சத்தம் வந்துடுச்சே” என்றாள். அவர் அவள் உதட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த நட்டுக்குப் போனார். அடுத்த முறை சக்கரம் கழற்றியபோது அவர் பக்கத்தில், நிமிர்ந்தால் முகம் தெரிகிற இடத்தில், ஒரு மணைப்பலகை போட்டிருந்தது. யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அவள் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்தப் பலகை அவளுடையது.

மகள் பக்கத்து மலைக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் கணவன் கப்பலில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தரையைப் பார்ப்பான். நாலு வயதுப் பெண்குழந்தையோடு வெள்ளிக்கிழமை காரில் வந்தாள். பிரேக் மிதித்தால் முன்னால் கறகறவென்று ஒரு சத்தம் வருகிறது என்றாள். அந்தச் சத்தம் பருமனானது, அவருக்கே கேட்டது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட. வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடுகிறேன் என்று மகள் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“காத்து கன்னை வச்சு ட்ர்ர்ருன்னு அடிச்சு அனுப்புவான். ஒரு நட்டு இளகியிருக்கும், ஒரு நட்டு செத்துப்போயிருக்கும். கேட்டா, ஓடும் சார்ம்பான். ஓடும்டா, எங்க ஓடும்? சக்கரம் தனியா ஓடும்.”

மகள் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. மலைப் பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. காற்று நின்றுபோய், வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே உள்ள அந்தச் சிமெண்டுத் தரையில் புழுக்கம் ஆளை அமுக்கியது. அவர் பின்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டைகொடுத்தார். ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் இரண்டு ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியைத் தோளால் தள்ளிப் பார்த்தார். ஆடவில்லை. பழைய பிரேக் பேட் தகடுவரை தேய்ந்திருந்தது. புது டிஸ்க், புது பேட். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் போல்ட்டுகளை முதலில் விரலால் ஏற்றினார். விரலால் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றினால் மறை கெட்டுவிடும் என்பது அவர் சட்டம். சக்கரம் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப்போகத் தேய்த்தார். நட்டுக்கு எண்ணெய் போட விடமாட்டார். எண்ணெய் போட்டால் ரென்ச் பொய் சொல்லும் என்பார்.

காலிப்பர் போல்ட்டுகளுக்கும் வலது சக்கரத்துக்கும் அவள் ஒழுங்காகத்தான் சொன்னாள். சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகு ரென்ச்சில் நூற்றிப்பத்து வைத்தார். ஒன்று போட்டால் அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கம், பிறகு அதற்கு எதிர், நட்சத்திரம் வரைகிற மாதிரி. இழுப்பு, டிக், ஆச்சு. இழுப்பு, டிக், ஆச்சு. ஐந்து.

“குறைஞ்சா கழலும், மிஞ்சினா அறும்” என்று எழுந்தார். மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தன்று சொன்ன புத்திமதியும் இதுதான். குழம்புக்கு உப்பு போடும்போதும் இதைத்தான் சொல்வார்.

பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் இடது பக்கம் வந்தாள். அவர் நட்டுகளைக் கையால் ஏற்றி ஜாக்கியை இறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே தையல் அறையின் ஜன்னல். உள்ளே மகள் கணவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பேசினாள். அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவுக்குக் காது இருப்பதை மறந்துவிட்டாள்.

“இல்லங்க, சொன்னா மனசு உடைஞ்சிடுவார். இதுதான் கடைசி. இனிமே இவர்கிட்ட வண்டியைக் குடுக்கப்போறதில்ல… காது சுத்தமாப் போச்சு. அம்மாதான் பக்கத்துல உக்காந்து ஆச்சு ஆச்சுன்னு சொல்லிட்டு இருக்காங்க. ரெண்டு பேரும் என்னவோ யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டு நாடகம் ஆடுறாங்க… அவரைவிட அம்மாவை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. அவங்களுக்கு இது பிடிச்சிருக்கு.”

‘பிடிச்சிருக்கு’ என்ற சொல்லோடு மணைப்பலகையில் இருந்தவள் மேலே போய்விட்டாள், ஜன்னல் கம்பிகளைத் தாண்டி அறைக்குள். மகள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்பதற்காக அவளுடைய காது முழுவதும் அங்கே நின்றது. கீழே அவர் இழுத்தார். அவள் வாய் ஆச்சு என்றது. எதிர் நட்டுக்கு மாறினார். ஆச்சு. மெஷின் ஓட ஓட நூல் தானாக இறங்குவதுபோல வாயிலிருந்து சொல் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது ஆச்சு சொன்னபோதுதான் அவள் பலகைக்குத் திரும்பி வந்தாள். அவர் ரென்ச்சை எடுத்து, கைப்பிடியைத் திருகிக் கீழ் எண்ணுக்குக் கொண்டுவந்து, துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு டிக்காவது கேட்டேனா என்று அவள் யோசித்தாள். நினைவில் இருந்ததெல்லாம் மகளின் குரல்தான்.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை இழுத்துடுங்க என்று மூன்று சொல். அவர் மறுத்திருக்க மாட்டார். ஏன் என்று கேட்டிருப்பார். சத்தம் சரியாக் கேக்கல என்றால், அப்படி எதைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று வரும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மேலே ஜன்னலில் இருப்பவள் சொன்னது உண்மையாகிவிடும். நாடகத்தில் நடிகை வசனத்தை மறந்தாள் என்று ஆகிவிடும். பலமான மனிதர், அவர் இழுத்த இழுப்புக்கு டிக் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஏழு வருடமாக அவர் எங்கே நிறுத்துகிறார் என்பது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அவர் ரென்ச்சின் சத்தத்தில் நிறுத்துவதில்லை. அவள் சொல்லில் நிறுத்துகிறார்.

மதியம் சோறு, பருப்பு, முட்டை. குழந்தை முட்டையின் மஞ்சளை மட்டும் தோண்டித் தாத்தா தட்டில் போட்டது. மகள் மலைப் பாதையில் மண் சரிந்திருக்கிறதாம், சீக்கிரம் கிளம்புகிறேன் என்றாள். நாளைக்கு எட்டு மணிக்கு அவளுக்கு டியூட்டி. இவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அவர் கைகழுவப் போன நேரத்தில் வெளியே வந்து, ரென்ச்சை எடுத்துத் துணியைப் பிரித்தாள். ஏழு வருடம் அதன் பேச்சைக் கேட்டவள். ஒருநாளும் கையில் பிடித்ததில்லை. நினைத்ததைவிடக் கனம். கைப்பிடியை எந்தப் பக்கம் திருகினால் எண் ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் நிழல் தரையில் விழுந்தது.

“என்ன அது?”

“சும்மா. தூசி.”

அவர் அவள் கையிலிருந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபமில்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது, ஒரு சின்னச் சந்தேகம். தன்னைச் சோதிக்கிறாளோ என்று.

“அஞ்சும் போட்டாச்சு. நீதானே சொன்ன?”

“ஆமா.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் ஒன்றுமில்லை என்று அவள் உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். ஒரு தம்ளர் விழுந்து உருண்டது. பின்னால் நின்றிருந்த அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டரை மணிக்கு வண்டி கிளம்பியது. அவர் ஓட்டுநர் பக்க ஜன்னலில் குனிந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் கொஞ்ச தூரம் பிரேக்கை மெதுவாக மிதித்துப் பழக்கு. போனைப் பைக்குள் போட்டுப் பின்சீட்டில் வை. ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி, டிக்கியில் இருக்கும் ஸ்பேனரால் நட்டுகளை ஒருமுறை பார்த்துவிடு. புதுசாகப் போட்ட சக்கரம் ஒருமுறை உட்காரும். மகள் எல்லாவற்றுக்கும் சரிப்பா, சரிப்பா என்றாள். மலை ஏற்றம் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஆரம்பிக்கிறது என்று இவள் மனம் கணக்குச் சொன்னது. குழந்தை கையாட்டியது. அவள் முன் இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது மற்ற மூன்றையும் போலவே உருண்டது. தெருமுனையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறித் திரும்பிவிட்டது.

வாசலில் மழை புள்ளி புள்ளியாக விழத் தொடங்கியது. அவர் செங்கற்களை மதிலோரம் அடுக்கினார். மணைப்பலகையைத் துடைத்துச் சுவரில் சாய்த்தார். அந்தப் பலகையைத் துடைத்த விதத்தில் அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. கிட்டப்போய், அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

“நான் கேக்கலங்க.”

“என்ன கேக்கல?”

“இடது பக்கம். சத்தம் வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. மனசு வேற எங்கயோ இருந்துச்சு. சும்மா வாயில சொல்லிட்டேன்.”

“எத்தனை?”

“அஞ்சும்.”

அவர் கையில் இருந்த துணியை நான்காக மடித்தார். பிறகு எட்டாக. மழை தகரக் கூரையில் வலுத்தது.

“நீ கேக்கலைன்னா என்ன” என்றார். “நான் கேட்டேன்ல.”

ஏழு வருடத்தில் இருவரும் இந்த இடத்துக்கு வந்ததில்லை. வராமலிருக்க எத்தனை சுற்றுவழி வைத்திருந்தார்கள்! இப்போது அவர் அந்தப் பொய்யைத் தட்டில் வைத்து அவளிடம் நீட்டுகிறார். எடுத்துக்கொண்டால் போதும். அவர் கேட்டார், எனவே நட்டு இறுகியிருக்கிறது, எனவே மகள் போய்ச் சேருவாள். அவளுக்கு அதை எடுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அந்த ஆசையைக் கண்டு அவளே பயந்தாள்.

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“அஞ்சு தடவையும்?”

“ஏன், எனக்கென்ன காது இல்லையா?”

அவள் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் அவரால் அவளைப் படிக்க முடியாமல் போகும். அப்படியே நின்றாள். சுவருக்குப் பின்னால் தெருவில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு போனான். மெல்லிய, நீண்ட மணி. அவள் கண்கள் அனிச்சையாக அந்தப் பக்கம் போய்த் திரும்பின. அவர் அவள் கண்கள் போன திசையைப் பார்த்தார். அங்கே என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவர் முகத்தில் மெதுவாக இறங்கியது.

உள்ளே போனார். சட்டை மாட்டும்போது பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டுவிட்டு, கழற்றித் திரும்பப் போட்டார். ரென்ச்சை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“வேன்காரன் இருக்கானா பாரு” என்றார்.

வேன்காரன் நாலு வீடு தள்ளி இருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு தூங்குபவன். அவள் கதவைத் தட்டி, பாப்பா மருந்தை மகள் மறந்துவிட்டுப் போய்விட்டாள், மலையடிவாரத்துக்குள் பிடிக்க வேண்டும் என்றாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாவியை எடுத்தான். வண்டியில் ஏறியதும் பெரியவர் மடியில் இருந்ததைப் பார்த்தான்.

“மாத்திரையை முழுங்க இவ்ளோ பெரிய ஸ்பேனர் வேணுமாக்கா?”

யாரும் சிரிக்கவில்லை. அவன் கண்ணாடியில் இரண்டு முகங்களையும் பார்த்தான். அதற்குப் பிறகு எதுவும் கேட்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

அவள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பின்சீட்டில், பைக்குள், அவர் சொல்லிக்கொடுத்தபடி. வேனுக்குள் குழந்தைகள் விட்டுப்போன வாசனை, ரொட்டியும் பென்சில் சீவலும். மழையில் வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. அவள் சாலையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட நினைத்தாள்; முடியவில்லை. ஒவ்வொரு பாலமும் கைப்பிடிச் சுவர் முழுதாக இருப்பதாக எண்ணி எண்ணித் தாண்டினாள். ஓரிடத்தில் பத்து பேர் குடைபிடித்து நின்றிருந்தார்கள். கிட்டப்போனால் பேருந்துக்கு நிற்கிறவர்கள்.

அவர் ஒரே ஒரு முறை பேசினார். “அஞ்சுல எது முதல்ல போட்டேன்?”

“மேல இருக்கிறது.”

“அதை நல்லா இழுத்த ஞாபகம்” என்றார். சொன்னவருக்கே அது போதவில்லை.

இருபதாவது கிலோமீட்டர். இருபத்தாறு. முப்பது. அந்த நேரத்தில் அவள் தன்னைப் பற்றிச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டாள். மகள் சொன்னது அவளைச் சுட்டது அது பொய் என்பதால் அல்ல. அவருடைய காது போகப் போக இவள் வளர்ந்துகொண்டே வந்தாள். டாக்டரிடம் போவோம் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் காதில் ஒரு மெஷின் மாட்டியிருப்பார்கள். மணைப்பலகை சுவரோரம் போயிருக்கும்.

மலையடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே விழுந்த மரத்தை அறுக்கிறார்களாம், இன்னும் திறந்துவிடவில்லை. வேன்காரன் ஓரத்தில் ஏற்றி நிறுத்துவதற்குள் அவர் இறங்கிவிட்டார். ரென்ச்சைக் கையில் பிடித்து, லாரிகளுக்கும் கார்களுக்கும் நடுவே மழையில் ஓட்டமும் நடையுமாகப் போனார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனாள். பதினேழாவதாக நின்றது மகளின் வண்டி. உள்ளே குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. மகள் அவர்களைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினாள்.

“என்னப்பா? என்னாச்சும்மா?”

“ஸ்டீரிங் ஆடுச்சா?” என்றார் அவர்.

“லேசா. கடைசி அஞ்சாறு கிலோமீட்டரா. ரோடு மோசம்னு நெனச்சேன்.”

அவர் இடது சக்கரத்தின் முன் முட்டி போட்டார். முதல் நட்டின் மேல் விரல் வைத்தார். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை. நட்டு விரலோடு வந்தது. அடுத்ததும் வந்தது. சக்கரத்தின் ஓட்டை விளிம்புகளில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் தடவினார். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் இறங்கி வந்து, பார்த்து, கதவைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னால் எங்கோ ஒரு லாரி என்ஜினை உயிர்ப்பித்தது. வரிசை அசையப்போகிறது என்று பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

அவர் நூற்றிப்பத்து வைத்தார். முதல் நட்டை இழுத்தார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். இந்த முறை மழையும் ஹாரனும் லாரியும் தனித்தனியாக ஒதுங்கி வழிவிட்டன. டிக்.

“ஆச்சு.”

அவர் நிறுத்தவில்லை. இன்னொரு முறை இழுத்தார். டிக் கேட்டது. இன்னொரு முறை.

“ஆச்சுங்க. வந்துடுச்சு.”

அவர் எதிர் நட்டுக்குப் போனார். அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்தால் அவருக்கு அவள் சொல்வது கேட்காது என்பது இருவருக்கும் தெரியும். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அவள் சொல்லச் சொல்ல, டிக்கையும் அவள் சொல்லையும் தாண்டி அவர் உடம்பு முழுவதையும் ரென்ச்சில் போட்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இனிமேல் யார் சொல்லையும் நம்பி நிறுத்தப்போவதில்லை என்று அந்த முதுகு சொன்னது. ஐந்தாவதில் டிக் வந்தது. அதைத் தாண்டி ஒரு முனகல் வந்தது, இரும்புக்குள்ளிருந்து. அதன் பிறகு ரென்ச் ஒரு விரல் அளவு சுலபமாகப் போயிற்று, பழுத்த காம்பு போல.

அவர் எழுந்து, “ஏறு, போ” என்றார் மகளிடம். முன்னால் நின்ற கார் நகர்ந்தது. மகள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

இவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் பானெட்டின் மேல் வைத்தாள். சூடாக இருந்தது.

“போகாத.”

பின்னால் இருந்தவன் தலையை வெளியே நீட்டித் திட்டினான். வேன்காரன் ஓடிவந்து அவனுக்குப் பதில் சொன்னான். அவள் அவர் பக்கம் திரும்பி, முகத்தை நன்றாக அவருக்குக் கொடுத்து, அத்தனை பேர் நடுவில் சொன்னாள்.

“அஞ்சாவது மிஞ்சிடுச்சு. அறுந்த மாதிரி ஒரு சத்தம். எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கல.”

மழை அவர் மூக்குக் கண்ணாடியில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. மகள் கதவைத் திறந்து, “அப்பா” என்றாள். அந்த ஒரு சொல்லில் அவளுக்கும் எவ்வளவு நாளாகத் தெரியும் என்பதை அவர் படித்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். தனக்குத் தெரியாமல் ஒரு கூட்டம் நடந்து முடிந்த அறைக்குள் வந்தவர்போல. பிறகு டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்து, ஐந்தாவது நட்டைக் கழற்றினார். நட்டோடு, அது ஏறி நிற்கும் ஸ்டட்டின் பாதியும் வந்தது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் கரகரப்பாக இருந்தது.

அவர் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

வண்டியை ஓரம் தள்ளினார்கள். மீதி நாலையும் இளக்கி, திரும்பப் போட வேண்டும். அவர் ரென்ச்சை மகளிடம் நீட்டினார். எதிர் எதிராப் போடு, மெதுவா இழு, கேட்டதும் நிறுத்து என்றார். மகள் இழுத்தாள், அவளே கேட்டாள், அவளே நிறுத்தினாள். நாலு டிக். யாரும் ஆச்சு சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் இவள் வாய் தன்னால் அசைந்து மூடியது. இன்றைக்கு மலை ஏற வேண்டாம், வீட்டுக்கே திரும்பலாம், மற்ற நாலும் நிறைய இழுப்பு வாங்கியிருக்கிறது, நாளைக்கு வொர்க்‌ஷாப்பில் ஐந்து ஸ்டட்டையும் மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. வொர்க்‌ஷாப் என்ற சொல்லை அவர்தான் சொன்னார்.

மகள் தனியாக, இருபதுக்குமேல் போகாமல், முன்னால் ஓட்டினாள். குழந்தையை வேனில் இவள் தன் மடியில் போட்டுக்கொண்டாள். வேன்காரன் இடைவெளி விட்டுப் பின்னால் வந்தான். முன் இடது சக்கரம் தெரிகிற மாதிரி வேனைக் கொஞ்சம் ஓரமாகவே பிடித்திருந்தான். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அந்தச் சக்கரம் சேற்றுத் தண்ணீரைச் சீவிக்கொண்டு சுழன்றது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூடிய கை தொடைமேல் இருந்தது. ஒரு பாலம் தாண்டினார்கள். இன்னொன்று. பேருந்துக்கு நின்றவர்கள் இன்னும் நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏதாவது கேக்குதா?” என்றார்.

ஏழு வருடத்தில் முதல்முறை. அவள் ஜன்னல் கண்ணாடியை முழுவதும் தள்ளினாள். மழை முகத்தில் அடித்தது. குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, வெளியே சாய்ந்து, டயர் தண்ணீரைக் கிழிக்கிற சத்தத்துக்குள், அதற்கும் அடியில், கேட்டாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் இல்ல” என்றாள்.